தெகானியா: ஒரு சிறு கூட்டுப்பண்ணையின் கதை

கலிலேயாக் கடலின் தென்கரையில் உம் ஜூனி என்னுமிடத்தில், 1910-ஆம் ஆண்டு பத்து ஆடவரும் இரு பெண்டிரும் குடியேறி உழத் தொடங்கினர். அதுவே முதல் கிப்புட்சாகிய தெகானியா. அங்கே கங்காணியும் இல்லை, தனிக்கூலியும் இல்லை. உழைப்பும் விளைவும் பொது. நம் தோட்டத்தார்க்கு இது வியப்பாகத் தோன்றலாம்.

ஆயினும் பெண்டிர்க்குச் சமையற்கட்டே ஒதுக்கப்பட்டது. மிரியம் பராட்ஸ் என்பார் இதற்கு இணங்கவில்லை. அரபுப் பெண்களிடம் பால் கறக்கக் கற்று, மாட்டுத் தொழுவத்தில் தம் இடத்தைப் பெற்றார். பின்னர்க் கைக்குழந்தையுடனும் அவர் அங்கே உழைத்தார்.

ஒரே குடும்பம்போல் வாழச் சிறு கூட்டமே ஏற்றதெனக் கருதியமையால், 1920-இல் அருகிலேயே இரண்டாம் தெகானியா எழுந்தது. 2007-இல் உறுப்பினர் வாக்களித்து, அவரவர் ஊதியம் அவரவர்க்கே என மாற்றினர். எனினும் நலிந்தோர்க்கென ஒரு பங்கு ஒதுக்கினர்.