சிறுதேரும் நுங்கு வண்டியும்

பிள்ளைத்தமிழ் ஆண்பால் குழந்தையின் பத்துப் பருவங்களைப் பாடுவது. அவற்றுள் இறுதி மூன்றாகிய சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவை விளையாட்டின் பெயரையே தாங்கி நிற்கின்றன. இவற்றுள் சிறுதேரைச் சங்கப் பாடல்கள் பலவற்றிலும் காணலாம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம் இரு பாட்டுகளில் இதனைக் காட்டுகிறார். பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் புதல்வர் குதிரை பூட்டாத மூன்று சக்கரத் தேரை உருட்டுகின்றனர். கோழியை விரட்ட மகளிர் எறிந்த கனத்த காதணி அத்தேரின் வழியைத் தடுக்கிறது. பெரும்பாணாற்றுப்படையிலோ, செல்வ உழவர் மனைப் புதல்வர் உருட்டும் தேர், தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்பும் அழகுடையது. குறுந்தொகை 61ஆம் பாடலும் தச்சன் செய்த சிறுதேரைக் குறிக்கிறது. ஏறிச் செல்ல இயலாவிடினும், கையால் இழுத்தே இளையோர் இன்புறுவர் என்கிறது அப்பாடல்.

இத்தேர்களைச் செய்தவர் பெரியவர், பெற்றவர் பிள்ளைகள். பட்டினப்பாலைப் புதல்வரின் காலில் பொன்னணியும் உண்டு என்பது நோக்கத்தக்கது.

இனி, 1970களின் நம் சிற்றூர்த் தெருக்களை எண்ணிப் பார்ப்போம். கோடையில் நுங்கு தின்றபின் எஞ்சும் கூடுகள் இரண்டு. அவற்றை இணைக்கும் அச்சாக ஒரு குச்சி. அச்சைத் தள்ளக் கவட்டைக் கம்பு ஒன்று. இவ்வளவே நுங்கு வண்டி. துளை நடுவில் அமையாவிடின் வண்டி கோணி ஓடும். பிள்ளை வேறு கூடு தேடி மீண்டும் துளைப்பான். சில நாளில் கூடு வாடினால் புதிது செய்வான். பொன்னணி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இத்தேர் கிட்டியது. ஏனெனில், இதன் தச்சன் அவனே.

இன்று கடையில் வாங்கித் தரும் மின்கல மகிழுந்து, ஒருவகையில் பழைய சிறுதேரின் வழித்தோன்றலே. பிறர் செய்து தர, பிள்ளை பெறுகிறான். பிள்ளைகள் இன்றும் விளையாடுகின்றனர். ஆனால் தாமே செய்து, பிழை கண்டு, திருத்தும் பயிற்சி குறைந்துவிட்டது. நாம் கவலை கொள்ள வேண்டுவது இதுபற்றியே.

தேவநேயப் பாவாணர் 1954இல் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என்னும் நூலில் ஆட்டங்களைத் தொகுத்தளித்தார். அவ்வழியில், பிள்ளைகள் தம் கையால் செய்த பொருள்களையும் அவற்றின் உறுப்புப் பெயர்களையும் ஊர்தோறும் தொகுத்தல் நம் மாணவர் கடமை. வரும் கோடை விடுமுறையில் வீட்டு முதியோரிடம் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். அத்துடன், தம்பி தங்கையரின் கையில் இரண்டு நுங்குக் கூடுகளையும் கொடுங்கள்.