தெரிந்து தெளிவோம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

காட்டூரிலிருந்தும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்தும் பள்ளிக்கு வரும் எங்களுக்குள் ஒரு நாள் பெரும் பிணக்கு உண்டாயிற்று. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணனை, வலை திருட்டுப்போன விஷயமாக, வெளியூர்க் காவல் நிலையம் ஒன்றிற்கு அழைத்துச் சென்று, இரவு முழுவதும் வைத்திருந்து மறுநாள் அனுப்பினார்கள். அங்கே அண்ணனை அடித்தார்கள் என்று அவள் அழுதாள். "போலீஸ்காரர் எல்லாருமே அப்படித்தான்" என்றது வகுப்பில் ஒரு பாதி. "தப்புச் செய்யாதவனை ஏன் கூப்பிடப் போகிறார்கள்?" என்றது மறு பாதி. அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழியின் அப்பாவும் ஒரு காவலர். அன்று மதியம் அந்த இருவருமே சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை.

சமூக அறிவியல் கற்பிக்கும் சிஸ்டர் எங்களை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களில் யாராவது விசாரித்தீர்களா?" நாங்கள் தலை குனிந்தோம். அதன்பின் படித்தும் கேட்டும் நாங்கள் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

விசாரிக்காத மன்னனும் விசாரித்த குழுவும்

திருக்குறளின் 51-ஆம் அதிகாரத்திற்குத் 'தெரிந்து தெளிதல்' என்று பெயர். ஆராய்ந்து அறிந்த பிறகே நம்ப வேண்டும் என்பது அதன் கருத்து. சிலப்பதிகாரத்தில் பாண்டிய மன்னன் கொடியவன் அல்லன். பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் நம்பியதே அவன் செய்த பிழை. கண்ணகியும் வெறும் கண்ணீரோடு அவைக்குச் செல்லவில்லை. கையில் சிலம்போடு சென்றாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பை உடைத்தபோது தெறித்தது மாணிக்கம். உண்மைக்குச் சான்று வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இனி வரலாற்றுக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் 1854-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை சென்றது. அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டதும் ஆயிரத்துக்கும் அதிகமான புகார்கள் குவிந்தன. நெடுந்தூரம் நடந்து வந்து முறையிட்ட ஏழைகளும் உண்டு. புகார் உண்மையே என்று 1855-இல் அக்குழு அறிக்கை தந்தது. 1859-இல் சென்னை மாகாணத்திற்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. காவல் அதிகாரியிடம் ஒருவர் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளக்கூடாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இவ்விதி தொடர்கிறது. ஆகவே, காவல்துறையின் சொல்லைச் சோதித்துப் பார்ப்பது தேசத் துரோகம் அன்று. சட்டமே அதைச் செய்கிறது.

சாத்தான்குளம் தந்த பாடம்

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜ் என்ற வியாபாரியும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டார்கள். அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதே புகார். மறுநாள் அவர்கள் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஜூன் 22 இரவு மகன் இறந்தார். சில மணி நேரத்தில், 23 அதிகாலையில், தந்தையும் இறந்தார்.

அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் காயம் ஏற்பட்டது என்றது முதல் தகவல் அறிக்கை. அதை அப்படியே நம்பியிருந்தால் வழக்கு அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. விசாரிக்கச் சென்ற நடுவருக்குக் காவல் நிலையத்தில் ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை. அங்கிருந்த கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் அன்றன்றே தாமாக அழிந்துவிடும்படி வைக்கப்பட்டிருந்தன. காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர நீதிமன்றம் உத்தரவிட்டது.

உண்மை யார் வாயிலிருந்து வந்தது தெரியுமா, தோழியரே? அன்றிரவு அதே நிலையத்தில் பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி என்ற பெண்மணியிடமிருந்து வந்தது. இரவெல்லாம் அவ்விருவரையும் அடித்தார்கள் என்றும், லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்தது என்றும் அவர் நடுவரிடம் வாக்குமூலம் அளித்தார். அவர் அஞ்சினார், ஆயினும் சொன்னார். அவருக்குப் பாதுகாப்பு அளிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்தது. பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்து, அவ்வாண்டு செப்டம்பரில் ஒன்பது காவலர்கள்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

இந்நிகழ்ச்சியைப் படித்தபோது எங்கள் வகுப்பின் இரு பாதியும் வாயடைத்துப் போயின. "போலீஸார் தவறே செய்யமாட்டார்கள்" என்றவர்களுக்கு இதில் பதில் இருந்தது. "எல்லாரும் அப்படித்தான்" என்றவர்களுக்கும் இதே நிகழ்ச்சியில் பதில் இருந்தது.

நம்மைக் காக்கும் விதிகள்

மேற்கு வங்கத்தைச் சேர்ந்த டி.கே. பாசு என்பவர் காவல் நிலைய மரணங்களைப் பற்றி 1986-இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றது. 1996 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு 11 விதிகளைக் கூறியது. அவற்றுள் சிலவற்றை நாம் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

1. கைது செய்பவர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும்.

2. நாளும் நேரமும் குறித்துக் கைதுக் குறிப்பு எழுதி, சாட்சியிடமும் கைதானவரிடமும் கையொப்பம் பெற வேண்டும்.

3. உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்கு உடனே தகவல் தர வேண்டும்.

4. காவலில் உள்ளவரை 48 மணி நேரத்திற்கு ஒரு முறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும்.

கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்பது நம் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. காவல்துறைமீது வரும் புகார்களை விசாரிக்கத் தனி ஆணையங்கள் வேண்டும் என்று 2006-இலும், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்திப் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பர் 2 அன்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஏரி கற்பிக்கும் முறை

இவ்விதிகள் போலீஸாரை அவமதிப்பதற்காக என்று சிலர் எண்ணலாம். நம் ஏரியின் 'பாடு' முறையை நினைத்துப் பாருங்கள். எந்த இடத்தில், எந்த முறையில், யார் வலை போடுவது என்பதை எல்லார் முன்னிலையிலும் சீட்டுப் போட்டு முடிவு செய்யும் வழக்கம் இங்கு உண்டு. சீட்டுப் போடுகிற பெரியவர் திருடர் என்றா அப்படிச் செய்கிறார்கள்? இல்லை. நாளை அவர்மீது வீண்பழி வராமல் இருக்கவும் அதுவே வழி. மூடிய அறையில் சீட்டுப் போட்டால் நேர்மையானவரையும் ஊர் சந்தேகிக்கும்.

எங்கள் தோழியின் அண்ணன் விஷயத்திலும் இதுதான் நடந்தது. அழைத்துச் சென்றதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வீட்டுக்குத் தகவல் இல்லை. மருத்துவர் பார்க்கவில்லை. அடித்திருந்தால் அதை அந்த அண்ணனால் நிரூபிக்க முடியாது. அடிக்காமல் இருந்திருந்தால் அதை அந்தக் காவலர்களாலும் நிரூபிக்க முடியாது. எழுத்தில் ஏதும் இல்லாததால் இன்றுவரை ஊர் இரண்டுபட்டுப் பேசுகிறது.

இதை நாங்கள் வகுப்பில் வாசித்தபோது, காவலரின் மகளான தோழி எழுந்தாள். "எங்க அப்பாகிட்ட கேட்டேன். ஸ்டேஷன்ல கேமரா ஓடினா எனக்கும்தாம்மா நல்லதுன்னு சொன்னார்" என்றாள். மற்றவள் சற்று நகர்ந்து அவளுக்குப் பலகையில் இடம் கொடுத்தாள்.

முடிவுரை

ஆதலால் தோழியரே, புகார் ஒன்றைக் கேட்டவுடன் "பொய்" என்றும் சொல்லாதிருப்போம். "எல்லாரும் இப்படித்தான்" என்றும் சொல்லாதிருப்போம். எப்போது அழைத்துச் சென்றார்கள், குறிப்பு எழுதினார்களா, வீட்டுக்குச் சொன்னார்களா, மருத்துவர் பார்த்தாரா, பதிவு இருக்கிறதா என்று கேட்கப் பழகுவோம். பெற்றோரே, இவ்விதிகளை உங்கள் வீட்டு ஆண் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். எங்களில் யாரேனும் ஒரு நாள் காக்கி உடை அணிந்தால், அஞ்சினாலும் உண்மையைச் சொல்லும் துணிவு எங்களுக்கு இருக்கட்டும்.