லட்சத்தீவு மாலத்தீவு ஆகாது

நம்பிக்கை: சுற்றுலாவைத் திறந்துவிட்டால் லட்சத்தீவு அடுத்த மாலத்தீவு ஆகிவிடும், தீவுக்காரர்கள் கோடீஸ்வரர்கள் ஆகிவிடுவார்கள்.

உண்மை: 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய்வந்த படங்கள் பரவிய நாளிலிருந்து இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. நிலத்தடி நீரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்கூட இப்படிப் பேச மாட்டார். மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள். 1972-ல் தொடங்கி, ஆளில்லாத தீவுகளை விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்டே அந்த நாடு வளர்ந்தது. லட்சத்தீவில் இருப்பவை 36; மொத்த நிலமே 32 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதிலும் மக்கள் வாழும் 10 தீவுகளில், 2011 கணக்கெடுப்பின்படியே 64 ஆயிரம் பேர்.

நிலத்தைவிடப் பெரிய முட்டுக்கட்டை தண்ணீர். ஆறு கிடையாது. பவள மணலில் இறங்கிய மழைநீர், கடல்நீருக்கு மேலே மெல்லிய அடுக்காக மிதக்கிறது. கிணற்றில் ஊறும் நன்னீர் அதுதான். மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழிருந்து உப்பு ஏறும். கழிவுத் தொட்டியிலிருந்து கசிவதும் அதே அடுக்கில்தான் கலக்கும். 2005-ல் சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கவரத்தித் தீவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைத்தது. நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர். தீவில் சுமார் 11 ஆயிரம் பேர். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 9 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் சரியாகப் போகும். நீச்சல் குளத்துக்கு எங்கே போவது? ஆலைகளைக் கூட்டலாம்தான். அவை ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரம் பெரும்பாலும் டீசலில். டீசல் கரையிலிருந்து கப்பலில். அரிசியும் காய்கறியும் அப்படியே. பயணி கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்தக் கப்பலிலேயே கரைக்குத் திரும்பிவிடும். இதையா வளர்ச்சி என்கிறீர்கள்?

நம்பிக்கை: சுற்றுலா இல்லாவிட்டால் தீவில் பிழைப்பே இல்லை.

உண்மை: சூரை மீனும் தென்னையும் சோறு போடுகின்றன. மினிக்காய் தீவின் மாசிக் கருவாட்டுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சந்தை உண்டு.

நம்பிக்கை: டிக்கெட் எடுத்தால் போதும், போய்விடலாம்.

உண்மை: முடியாது. இந்தியக் குடிமகனுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

நம்பிக்கை: இப்போதே இடம் வாங்கிப் போட்டால் லாபம்.

உண்மை: தீவுக்காரர்களில் ஏறத்தாழ அனைவரும் பட்டியல் பழங்குடியினர். அவர்கள் நிலம் வெளியார் கைக்குப் போகாமல் சட்டம் காக்கிறது. ஆசையை விடுங்கள்.

சுற்றுலாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எத்தனை பேர் வரலாம் என்பதைக் கிணற்றைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்கிறேன். அங்கே ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, சென்னையைவிட அதிகம். தன் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துக் காட்டாத விடுதிக்கு உரிமமே தரக் கூடாது. தமிழ்நாட்டில் 2003-ல் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினோம். இன்று பல வீடுகளில் அந்தச் சேகரிப்புக் குழிகள் தூர்ந்து கிடக்கின்றன. தீவுக்குப் பெட்டி கட்டும் முன், உங்கள் வீட்டுக் குழியைத் தூர்வாருங்கள்.