பொழுதும் கடிகாரமும்

தமிழ் இலக்கணம் பயிலும் மாணாக்கர், அகத்திணைப் பாடத்தின் தொடக்கத்திலேயே முதற்பொருள் என்னும் சொல்லைக் கற்கின்றனர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியர் கொள்கை. முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்திற்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல் என்று தேர்வுத்தாளில் தடையின்றி எழுதிவிடுவர். ஆயின், வைகறை தொடங்குவது எப்போது என்று வானத்தைச் சுட்டிக் காட்டுமாறு கேட்டால், அவர்தம் கண்கள் மணிக்கட்டை நோக்கும். இந்நாளில் கைப்பேசியை நோக்கும். கற்பிக்கும் நாமும் அவர்களினும் மேம்பட்டோம் என்று சொல்வதற்கில்லை.

பொழுதைக் கருவி அறிகிறது. கருவியை நாம் அறிகிறோம். இடையில் இருந்த வானம் விலகிவிட்டது. இம்மாற்றம் நம் உழைப்பையும் ஓய்வையும், இயற்கையோடு நமக்குள்ள உறவையும் எங்ஙனம் மாற்றியது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. கருவியே பகை என்று கூறுவது இதன் நோக்கமன்று. வானத்தைப் பார்க்கச் செய்யும் கருவியும் உண்டு. பார்க்க வேண்டாதபடி செய்யும் கருவியும் உண்டு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடே ஈண்டு கருதப்படுவது.

கன்னலும் நிழலும்

பொழுதை அளக்கும் கருவி தமிழர்க்குப் புதியதன்று. முல்லைப்பாட்டில், பாசறையிலுள்ள அரசனுக்கு நேரம் அறிவிக்கும் நாழிகைக் கணக்கர் வருகின்றனர். அவர்கள் பயன்படுத்திய குறுநீர்க் கன்னல் நீரின் அளவைக் கொண்டு நேரம் காட்டுவது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு இன்றைய கணக்கில் 24 நிமிடம். ஆனால் கன்னல் அரசனுக்கே உரியதாயிருந்தது. ஏர் பிடித்தவனுக்கும் வலை வீசியவனுக்கும் கோழி கூவுதலும், விடிவெள்ளி எழுதலும், தன் நிழல் தன் காலடியில் சுருங்குதலுமே கடிகாரம். பொழுது என்னும் சொல்லே இதற்குச் சான்று. அச்சொல் காலத்தையும் குறிக்கும், கதிரவனையும் குறிக்கும். 'பொழுது சாய்ந்தது' என்று சிற்றூர் மூதாட்டி கூறும்போது சாய்ந்தது கதிரவனா, காலமா என்று பிரித்தறிய இயலாது. பிரித்தறிய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

இசுலாமிய வாழ்வியலும் இவ்வாறே வானத்தோடு பிணைந்தது. ஐவேளைத் தொழுகையின் நேரங்களுள் ஒன்றேனும் மணிக்கணக்கால் விதிக்கப்படவில்லை. கீழ்வானில் உண்மை வைகறையின் வெண்மை படர்ந்தால் சுப்ஹு. கதிரவன் உச்சியிலிருந்து சாய்ந்தால் லுஹர். அது மறைந்தால் மக்ரிப். அந்திச் செம்மை அகன்றால் இஷா. அஸர் தொழுகைக்கு நிழலே அளவுகோல். நண்பகலில் இருந்த நிழலைக் கழித்து, பொருளின் நீளத்திற்கு ஒத்த நிழல் வந்தால் ஷாபிஈ மத்ஹபினர்க்கு அஸர் வந்துவிடும். ஹனபி மத்ஹபினர் அந்நிழல் இருமடங்காகும் வரை காத்திருப்பர். அடுத்தடுத்த இரு பள்ளிவாசல்களில் அஸர் பாங்கு வெவ்வேறு நேரத்தில் ஒலிப்பதைக் கேட்டு, யாருடைய கடிகாரம் பிழை என்று வினவுவோர் உளர். பிழை கடிகாரத்தில் இல்லை. அவ்வேறுபாடு ஒரு கோலின் நிழலைப் பற்றியது.

நோன்பு தொடங்கும் நேரத்தைத் திருக்குர்ஆன் வெள்ளை நூல், கறுப்பு நூல் என்னும் உவமையால் உணர்த்துகிறது. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) என்னும் நபித்தோழர் இதனை நேர்ப்பொருளில் கொண்டு, இரு நிறக் கயிறுகளைத் தம் தலையணையின் கீழ் வைத்து இரவெல்லாம் பார்த்தார். அவை வேறுபட்டுத் தோன்றவில்லை. காலையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று கூறியபோது, இரவின் இருளும் பகலின் வெளுப்புமே அவை என்று அவர்கள் விளக்கினார்கள். தலையணையின் கீழ் அன்று, கீழ்வானத்தில் பார்க்க வேண்டியது அது. இந்நிகழ்ச்சியை அறியும்போதெல்லாம், தலையணையின் கீழ்க் கைப்பேசியை வைத்துறங்கும் நம் நிலை நினைவுக்கு வராமற் போவதில்லை.

இந்நேரங்களைக் கணிக்க வேண்டிய கடமையே முஸ்லிம் அறிஞரை வானியலில் ஆழ்த்தியது. எகிப்து, சிரியா நாடுகளின் பெரும் பள்ளிவாசல்களில் முவக்கித் எனப்படும் நேரக் கணிப்பாளர் அமர்த்தப்பட்டிருந்தனர். திமிஷ்கு நகரின் உமையாப் பள்ளிவாசலில் அப்பணி புரிந்த இப்னுஷ் ஷாத்திர், 14-ஆம் நூற்றாண்டில் அப்பள்ளிக்கென ஒரு பெரிய நிழற்கடிகாரத்தை அமைத்தார். அதற்கும் முன்னர், 1206-இல், அல்ஜஸரீ தம் பொறியியல் நூலில் வியத்தகு நீர்க்கடிகாரங்களின் அமைப்பை வரைந்து காட்டினார். ஆகவே, கருவிக்கும் சமயத்துக்கும் பகை என்று யாரேனும் கூறினால் அது வரலாறு அறியாத கூற்று. இப்னுஷ் ஷாத்திரின் கருவி, கதிரவன் இருந்தாலன்றிப் பேசாது. அதனைப் பார்ப்பவன் கதிரவனையும் உடன்பார்த்தவனாகிறான்.

ஆலைச் சங்கு

எந்திரக் கடிகாரம் தனியே வந்திருந்தால் இத்துணை மாற்றம் விளைந்திராது. அது இருப்புப்பாதையோடும் ஆலையோடும் சேர்ந்து வந்தது. ஊருக்கு ஊர் நண்பகல் வேறாக இருந்தால் வண்டிகளுக்குக் கால அட்டவணை வகுத்தல் இயலாது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பெற்ற வானாய்வகத்தின் கணிப்பே சென்னை நேரம் என வழங்கி, பின்னர் இந்திய இருப்புப்பாதைகளின் பொது நேரமாயிற்று. 1906 சனவரி முதல் நாளன்று இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. அது கீழ்த்திசை எண்பத்திரண்டரைப் பாகை நெட்டாங்கிற்கு உரிய நேரம். நெட்டாங்கில் ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பது கணக்கு. ஆகவே நாகூர்க் கதிரவன் நம் கடிகாரத்திற்கு ஏறத்தாழ 11 நிமிடமும், காயல்பட்டினத்துக் கதிரவன் ஏறத்தாழ 17 நிமிடமும் பிந்தியவன். உண்மையில் கதிரவன் பிந்தவில்லை; கடிகாரந்தான் வேறோர் ஊரின் நேரத்தைக் காட்டுகிறது.

ஆலையின் சங்கு இவ்வேறுபாட்டை மதிக்கவில்லை. ஆவி விளக்கும் பின்னர் மின்விளக்கும் வந்தபின் இரவும் அதற்கு ஒரு பொருட்டாயில்லை. மான்செஸ்டரை அடுத்த சால்போர்டில் ஒரு பஞ்சாலை, 19-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே ஆவி விளக்குகளால் ஒளியூட்டப்பட்டது. கதிரவன் மறைந்தால் வேலை நின்றாக வேண்டும் என்னும் பழைய வரம்பு அங்கு உடைந்தது. அவ்வரம்பை விதித்தது எந்த அரசும் அன்று, இயற்கையே விதித்திருந்தது. அதனால்தான் அது உடைந்தபோது முறையிட ஓர் இடமும் இல்லாமற் போயிற்று.

இவ்விடத்தில் பழமையைப் போற்றி மயங்குதல் கூடாது. வைகறை முதல் அந்தி வரை பிறர் வயலில் குனிந்து நின்ற பண்ணையாளுக்குக் கடிகாரம் இல்லாமையே கொடுமையாக இருந்தது. எத்தனை நாழிகை உழைத்தேன் என்று எடுத்துரைக்க அவனிடம் சான்று ஏது? உழைப்பாளரை வருத்திய அதே கடிகாரத்தை உழைப்பாளரே தம் கேடயமாகக் கொண்டமை வரலாற்றின் சுவையான திருப்பம். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பெரம்பூர்ப் பகுதி ஆலைத் தொழிலாளரின் குறைகளுள் முன்னின்றது, நண்பகல் உணவுக்குத் தரப்பட்ட இடைவேளை போதாது என்பதே. தமிழாசிரியப் பணியைத் துறந்துவந்த திரு.வி.க. அச்சங்கத்தில் தொண்டாற்றினார் என்பதில் தமிழ்த்துறையினராகிய நமக்குத் தனிப்பெருமை உண்டு. 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் மே நாள் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்னும் அந்நாளின் கோரிக்கையைக் கடிகாரம் இன்றி எழுப்பவே முடியாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்பினால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதையும் மாணாக்கர் அறிவர். வரம்பு இனித் தானாக வாராது. கேட்டுப் பெற வேண்டியதாகிவிட்டது.

கைப்பேசி இவ்வரம்பையும் கரைக்கிறது. சங்கு ஊதினால் ஆலைக்கதவு திறந்தது. தொழிலாளி வெளியே வந்தான். வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவனின் சட்டைப்பையிலேயே அலுவலகம் இருக்குமாயின், அவன் எக்கதவின் வழியே வெளியேறுவான்?

பொழுதுபோக்கு

ஓய்வுக்குத் தமிழில் வழங்கும் சொற்களுள் பொழுதுபோக்கு என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. பொழுதுபோவது கதிரவனின் செலவு. அச்செலவைக் கண்டவாறு உடனிருத்தலே முன்னாளில் ஓய்வு. மாலையில் கடற்கரை மணலிலும் ஊர்ப் பொதுத்திண்ணையிலும் அமர்ந்தோர் தனியே எதையும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவும் இத்தகையதே. அழைப்பொலி கேட்டால் வாணிகத்தை விட்டு விரையவும், தொழுகை முடிந்தபின் கலைந்து சென்று பொருள் தேடவும் திருமறை கூறுகிறது. அது நாள் முழுதும் சோம்பியிருக்கும் விடுமுறையன்று. கதிரவன் சாயும் வேளையில் உழைப்பின் நடுவே விழும் ஓர் இடைவெளி.

உழைப்பும் ஓய்வும் கலையும் ஒன்றாயிருந்த ஒரு காட்சியைச் சமுதாயப் பெரியோர் நினைவுகூர்வர். ரமலான் பின்னிரவுகளில் பக்கீர்மார் தாயிரா தட்டித் தெருத்தெருவாகப் பாடி வந்து, ஸஹர் உணவுக்கு எழுப்பினர். முனாஜாத்துகளும் குணங்குடியார் பாடல்களும் படிப்பறியாத வீடுகளிலும் புகுந்தது இவ்வழியேதான். பெருநாளன்று அரிசியும் காசும் பெற்றுச் செல்வர். சில ஊர்களில் இவ்வழக்கம் இன்றும் உண்டு. எனினும், கைப்பேசியின் மணி ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுப்பும்போது, பக்கீரின் பாட்டுக்கு வேலை குறைந்துவிட்டது. கைப்பேசி பிழையின்றி எழுப்புகிறது. அதை மறுப்பார் இல்லை. ஆனால் தெரு முழுவதையும் ஒருசேர எழுப்பியது பாட்டு.

மின்விளக்கையும் ஒருமுகமாகப் பழித்தல் தகாது. பகலெல்லாம் அடுக்களையில் கழித்த பெண்டிர்க்கு நூலைத் திறக்க நேரம் தந்தது அவ்விளக்குத்தான். கூலிவேலை செய்து மாலையில் கற்றவர்க்கும் அதுவே துணை. ஆயினும் அவ்வொளியே வானத்தை மறைத்தது. 2016-இல் வெளிவந்த உலக இரவுவான ஒளி வரைபடத்தின்படி, மாந்தருள் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேல் தம் ஊரிலிருந்து பால்வீதியைக் காண இயலாது. விண்மீன் பார்த்துக் கரை சேர்ந்தவரின் பேரன், கரையிலிருந்தும் விண்மீன் காணாதவனாகிறான்.

பிறையும் கோலும்

எஞ்சியிருப்பது பிறை. பிறைகளை மக்களுக்கும் ஹஜ்ஜுக்கும் உரிய காலங்காட்டி என்கிறது திருமறை. ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முற்பட்டு வரும் சந்திர ஆண்டினால், நோன்பு கார்காலத்திலும் முதுவேனிலிலும் மாறிமாறி நிகழ்கிறது. ஒரு முஸ்லிம் தன் வாழ்நாளுக்குள் எல்லாப் பெரும்பொழுதிலும் நோன்பு நோற்றுவிடுகிறான். கணிப்பா, காட்சியா என்னும் வாதத்தில் இக்கட்டுரை புகாது. அது ஆலிம்களின் களம். ஆனால் ஷஅபான் 29-ஆம் நாள் அந்தியில் மேல்வானைப் பார்த்து நிற்போர் எண்ணிக்கை குறைந்து, செய்தி வருமென்று கைப்பேசியைப் பார்த்து நிற்போர் பெருகியுள்ளமை கண்கூடு.

மாணாக்கர் தாமே செய்து பார்க்கத்தக்க ஓர் ஆய்வு உண்டு. கல்லூரி முற்றத்தில், நிழல் படாத இடத்தில், ஒரு முழக் கோலை நேராக நட வேண்டும். நண்பகலை ஒட்டி, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வைக்க வேண்டும். நிழல் மிகக் குறுகும் கணமே அவ்வூரின் உச்சிப்பொழுது. சென்னையில் நவம்பர்த் தொடக்கத்தில் அது கடிகாரத்தின் 11.52 அளவிலும், பிப்ரவரி நடுவில் 12.23 அளவிலும் நிகழும். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18-ஐ ஒட்டியும் சென்னைக் கோலுக்கு உச்சியில் நிழலே இராது. அந்நாள்களில் நிழல் கோலின் நீளத்தை எட்டும்வரை பொறுத்திருந்தால், அருகிலுள்ள ஷாபிஈப் பள்ளிவாசலில் அஸர் பாங்கு ஒலிக்கக் கேட்கலாம்.