முகம் மெதுவாகக் கோணினால்?



ஒருத்திக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் நம்ம ஊரில் என்ன சொல்கிறோம்? "பஸ்ஸில ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தா, காத்து பட்டுருச்சு" என்போம். காதுக்குப் பின்னால் சூடு போடுகிறவர்களும் உண்டு. சூட்டினால் தோல்தான் வெந்துபோகும். முகக்கோணலுக்குப் பல காரணங்கள் இருக்கின்றன. அதில் அபூர்வமான ஒன்றை இந்த மாதம் படிப்போம்: முகநரம்பில் வளரும் சாதாரணக் கட்டி. இது புற்றுநோய் இல்லை.

முகநரம்பு மூளையிலிருந்து கிளம்பி, காதை ஒட்டிய எலும்புக்குள் ஒரு சின்னக் குழாய் வழியாக வந்து, கன்னத்தில் கிளை கிளையாகப் பிரிகிறது. நாம் சிரிப்பது, கண்ணை மூடுவது, தண்ணீர் சிந்தாமல் குடிப்பது எல்லாம் இதன் வேலை. அந்த எலும்புக் குழாய் ஓரிடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறுகல். நரம்பின் உறையிலிருந்து பயறு அளவு கட்டி கிளம்பினாலே நரம்பை நெருக்கிவிடும். டாக்டர்கள் இதை ஷ்வானோமா என்பார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எத்தனை நாளில் கோணியது என்று முதலில் கேளுங்கள்.

திடீரென்று கோணி, கை கால் தளர்ந்து, பேச்சும் குழறினால் அது பக்கவாதம். பேசிக்கொண்டு நிற்காதீர்கள், உடனே 108.

ஓரிரு நாளில் பாதி முகம் முழுக்க, நெற்றியும் சேர்த்து அசையாமல் போனால் பெரும்பாலும் அது பெல்ஸ் பால்சி என்கிற முகவாதம். 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போய் மாத்திரை ஆரம்பித்தால் நல்ல பலன் உண்டு. அநேகம் பேருக்குச் சரியாகிவிடும்.

கட்டி அப்படி வராது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக முகம் தளரும். கன்னமோ கண்ணோரமோ துடிக்கும். அந்தப் பக்கத்துக் காது மந்தமாகலாம், இரைச்சல் கேட்கலாம், காதுக்கு முன்னால் வீக்கம் தட்டுப்படலாம். சிலருக்கு மட்டும் திடீரென்று கோணுவதும் உண்டு. ஆகவே முகவாதம் என்று சொல்லப்பட்டு மூன்று மாதம் ஆகியும் துளிகூட அசைவு திரும்பாவிட்டாலோ, அதே பக்கம் மறுபடி வந்தாலோ, "ஸ்கேன் எடுக்கணுமா?" என்று நீங்களே கேளுங்கள்.

மெதுவாக வருவது வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்கே தெரியாது. பாஸ்புக்கில் ஒட்டிய பழைய போட்டோவை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். அது நல்ல சாட்சி.

மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், காது எலும்புக்கு சி.டி. ஸ்கேன், காது கேட்கும் சோதனை இவைதான் தேவைப்படும். ஓசூர் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டி, அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டோடு மேல் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் ஓசூர் ரோட்டிலேயேதான் இருக்கிறது. மாநிலம் தாண்டுகிறோமே, நம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கட்டி என்றாலே ஆபரேஷனா?

இல்லை. இங்கேதான் நம் பெண்கள் பயந்துபோய் நகையை அடகு வைத்துவிடுகிறார்கள். கட்டியை முழுக்க எடுக்கும்போது பல நேரம் நரம்பையே வெட்ட வேண்டியிருக்கும். கழுத்திலிருந்தோ காலிலிருந்தோ வேறு நரம்பை எடுத்து ஒட்டுவார்கள். அசைவு திரும்ப ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகும், அப்போதும் பழைய முகம் முழுசாக வராது. அதனால் முகம் ஓரளவு நன்றாக அசையும்வரை, குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதே வழக்கம். கட்டி வளர்ந்தால் எலும்புக் குழாயைத் திறந்து இடம் கொடுப்பது, காமா நைஃப் என்ற கதிர்வீச்சு, ஆபரேஷன் என வழிகள் உண்டு. "ஆபரேஷனுக்கு அப்புறம் என் முகம் எப்படி இருக்கும்? காத்திருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இன்னொரு டாக்டரையும் கேட்க அநேகமாக நேரம் இருக்கும். ஆனால் முகம் முழுக்கச் செயலிழந்த பிறகு வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டால் தசை சுருங்கிவிடும், ஒட்டும் நரம்பும் பலன் தராது.

எந்தக் காரணத்தால் கோணினாலும் கண்ணைக் காப்பாற்றுங்கள். மூடாத கண் காய்ந்து புண்ணாகிப் பார்வையே போகலாம். டாக்டர் தரும் சொட்டு மருந்து பகலில், களிம்பு இரவில். தூங்கும்போது இமையை மூடி டேப் ஒட்டச் சொல்வார்கள், எப்படி ஒட்டுவது என்று நர்ஸிடம் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். வயலுக்கோ கம்பெனி வேலைக்கோ போனால் கண்ணாடி போடுங்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் கண்ணில் விட வேண்டாம்.