கடன் கைகொடுப்பது எப்போது?

தீபாவளி நெருங்கும்போது ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியா களைகட்டும். முறுக்கு, அதிரசம் போன்ற பலகாரங்களை வீட்டிலேயே செய்து விற்கும் பெண்களுக்கும் அது வேலை மிகுந்த காலம். மாவு, எண்ணெய், பெரிய அடுப்பு ஆகியவற்றை வாங்க முதல் வேண்டும். வங்கிக் கடனுக்குச் சம்பளச் சீட்டோ பிணையோ தேவைப்படும். அவை இல்லாதவர்கள் வட்டி முதலைகளிடம் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இந்நிலையை மாற்றவே அரசாங்க ஆதரவு பெற்ற சிறுகடன் திட்டங்கள் உருவாயின.

இவ்வரலாற்றில் பினாங்குக்கும் பங்குண்டு. வங்காளதேசத்தில் முகமது யூனுஸ் தொடங்கிய கிராமின் வங்கி, பிணையின்றி ஏழைப் பெண்களுக்குக் கடன் வழங்கியது. அம்முறை நம் நாட்டிற்கும் பொருந்துமா எனப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டேவிட் கிப்பன்ஸ், சுக்கூர் காசிம் ஆகியோர் ஆராய்ந்தனர். 1986ஆம் ஆண்டு சிலாங்கூரின் வடமேற்குப் பகுதியில் சோதனைத் திட்டம் தொடங்கியது. அதன் பயனாக 1987இல் அமானா இக்தியார் மலேசியா அமைக்கப்பட்டது. பின்னர் 1998இல் தெக்குன் நேஷனல் தோன்றியது. இந்தியப் பெண் தொழில்முனைவோருக்கென 2024ஆம் ஆண்டில் அமானா இக்தியார் வழி 'பெண்' எனும் திட்டம் 5 கோடி ரிங்கிட் ஒதுக்கீட்டில் அறிமுகமானது.

அமானா இக்தியாரின் அடிப்படை, ஐவர் கொண்ட குழுவாகும். உறுப்பினர்கள் குறித்த நாளில் கூடித் தவணை செலுத்துவர், சேமிக்கவும் பழகுவர். இங்கே சொத்துக்குப் பதிலாக ஒருவர் மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையே பிணையாகிறது.

எனினும், கடன் கிடைத்த அனைவரும் ஒரே அளவில் முன்னேறுவதில்லை. அதற்குப் பல காரணிகள் உள்ளன.

முதலாவது, கடனைப் பயன்படுத்தும் விதம். எடுத்துக்காட்டாக, ஒருவர் 2,000 ரிங்கிட் கடன் பெறுகிறார் எனக் கொள்வோம். அதை 50 வாரங்களில் திருப்பிச் செலுத்த, கட்டணம் நீங்கலாக, வாரந்தோறும் 40 ரிங்கிட் தேவை. முழுத் தொகையும் தொழிலில் இறங்கினால் அத்தொழிலே தவணையை ஈட்டித் தரும். பாதித் தொகை மருத்துவத்திற்கோ பள்ளிச் செலவிற்கோ போய்விட்டால், எஞ்சிய 1,000 ரிங்கிட் முதலே முழுத் தவணையையும் சுமக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, வருமானம் வரும் காலம். தினமும் காலையில் நாசி லெமாக் விற்பவருக்கு வாரத் தவணை எளிது. தீபாவளிக்கு மட்டும் பலகாரம் விற்பவருக்கோ ஓரிரு மாதங்களில்தான் பணம் புரளும். தவணையோ ஆண்டு முழுவதும் வரும். அவர் பண்டிகைக்கால இலாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிவைக்க வேண்டும் அல்லது மற்ற மாதங்களுக்கும் ஒரு விற்பனையைத் தேடிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கணக்கு எழுதும் பழக்கம். வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒரே டப்பாவில் இருந்தால் இலாபமா நட்டமா என்பதே தெரியாது.

நான்காவது, குழு ஒற்றுமை. ஒருவர் தளரும்போது மற்றவர் தோள்கொடுப்பது குழுவின் வலிமை. ஆனால், தொடர்ந்து தவணை தவறுபவரால் மற்றவர்க்கும் சுமை கூடும், உறவும் கசக்கும். எனவே, ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்களே குழுவாகச் சேர்வது நலம்.

ஐந்தாவது, தகவலும் குடும்ப ஆதரவும். பாரம் நிரப்பத் தெரியாததாலும் தொழிலைப் பதிவு செய்யாததாலும் விண்ணப்பிக்கத் தயங்கும் பெண்கள் உள்ளனர். கூட்டத்திற்குச் செல்லும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததும் தடையாகிறது. இங்கே உங்களைப் போன்ற மாணவர்களும் உதவலாம். அம்மாவுக்கோ பாட்டிக்கோ பாரத்தை வாசித்து விளக்கலாம். அன்றாட வரவு செலவைக் குறித்து வைக்கலாம்.

'ஆழமறியாமல் காலை விடாதே' என்பர் பெரியோர். கடனுக்கும் அது பொருந்தும். எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பதற்கு முன், எதற்காக வாங்குகிறோம், எப்படித் திருப்பிச் செலுத்துவோம் என்று கேட்க வேண்டும். அவ்விரண்டிற்கும் விடை தெரிந்த பெண்ணுக்குக் கடன் சுமையன்று. சொந்தக் காலில் நிற்க உதவும் ஊன்றுகோல்.