இறைப்பு இயந்திரத்திற் காற்றுக் கசிவு

மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரம் வேகம் ஏறியும் இறங்கியும் ஓடுகின்றதா? சோக்கைப் பாதி மூடியதும் சீராகின்றதா? அவ்வாறாயின், காபரேற்றரை ஆராயுமுன் அதற்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள பொருத்தைச் சோதித்தல் வேண்டும்.

அப்பொருத்தினூடாக வெளிக்காற்றுப் புகுந்தால் கலவையில் எரிபொருள் குறையும். எஞ்சின் மிகையாகச் சூடேறும். நாளடைவில் வால்வும் பிஸ்டனும் கெடும். இறைப்பு நாளில் எஞ்சின் நின்றுவிட்டால் வெங்காயமும் மிளகாயும் வாடும்.

சோதிக்கும் முறை: எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பொருத்தைச் சுற்றிச் சிறிது எஞ்சின் எண்ணெயைத் தூரிகையால் தடவுக. சூடான புகைக்குழாயிற் படலாகாது. ஓட்டம் உடனே மாறினால் கசிவு அங்கேயே உள்ளது. பெற்றோல் தெளித்துப் பார்த்தல் பேராபத்து.

திருத்தும் முறை:

1. எஞ்சின் ஆறியபின் எரிபொருளை அடைத்து, காபரேற்றரைக் கழற்றுக.

2. பழைய காஸ்கற்றை முற்றாக நீக்குக. பொருந்தும் முகங்களிற் கீறல் விழலாகாது.

3. காபரேற்றரின் முகம் வளைந்திருந்தால், கண்ணாடித் தகட்டின்மேல் விரித்த மென்மையான மணற்கடதாசியில் தேய்த்துச் சமப்படுத்துக. இடையிலுள்ள வெப்பத்தடுப்புத் துண்டு வெடித்திருந்தால் மாற்றுக.

4. புதிய காஸ்கற்றை இட்டு, நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குக. மிகையாக இறுக்கினால் முகம் மீண்டும் வளையும்.

கசிவை அடைக்காது எரிபொருளைக் கூட்டி ஓட்டுதல் மண்ணெண்ணெயை வீணாக்கும். காஸ்கற் ஒன்றின் விலை, எஞ்சினைத் திருத்தும் செலவிலும் மிகக் குறைவென்பதைக் கமக்காரர் மனத்திற் கொள்வாராக.